கணக்கில் வராத பதினொரு நாட்கள்

அக்டோபர் 9, வியாழன்

புழுக்கம். வானம் மூடியே கிடக்கிறது, பெய்யவில்லை. ஊருக்கு வந்து இன்று 183-வது நாள்.

காலை எட்டு மணி பஸ்ஸில் தஞ்சாவூர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் இருபத்தைந்து நிமிடம். ஆடிட்டர் கீதா மேடம் ஆபீஸ் இரண்டாவது மாடி. முட்டி வலி. அந்தம்மா நல்ல மாதிரி. வளைகுடாவிலிருந்து திரும்பிய எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேருக்கு அவர்தான் பார்க்கிறார்.

சொன்னது, மறக்காமல் இருக்க:

- இந்த வருஷம் 182 நாள் இங்கே தாண்டியாயிற்று. இனி நான் என்ஆர்ஐ இல்லை. இங்கே குடியிருப்பவன்.
- நடுவில் ஒரு படி உண்டு. ‘குடியிருப்பவர், ஆனால் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்ல.’ அதில் நின்றால் மஸ்கட்டில் நான் வேலை பார்த்த கடையில் எனக்குள்ள பங்கு வருமானத்துக்கு இங்கே வரி இல்லை.
- அதில் நிற்க, முந்தைய ஏழு வருடத்தில் நான் இந்தியாவில் இருந்த நாட்கள் 729-ஐத் தாண்டக் கூடாது. இன்னொரு வழியும் உண்டாம். கொரோனாவில் இங்கே மாட்டிக்கொண்டதால் அது எனக்கு அடைபட்டுவிட்டது.
- வந்த நாளும் சேரும், போன நாளும் சேரும்.

ஏழு வருடத்துக்கும் நாள் கணக்கு எழுதி அனுப்ப வேண்டும். பழைய பாஸ்போர்ட், புதுசு, இரண்டையும் நகல் எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் அந்த வாசகமே ஓடியது. இருக்கிறார், ஆனால் சாதாரணமாக இருப்பவர் அல்ல.

மஸ்கட் விசா முந்தாநாளோடு செத்தது. ஆறு மாதம் வெளியே இருந்தால் தானாகச் செத்துவிடும். இருபத்தாறு வருடம் அந்த ஊரில். ஒரு மெசேஜ்கூட வரவில்லை.

மகள் பர்ஸானா கோலாலம்பூரிலிருந்து அனுப்பிய விசா வழிகள்:

1. சாதா விசிட். முப்பது நாள். போய்ப் போய் வர வேண்டும்.
2. அவள் வேலை அனுமதிப் பாஸை வைத்துப் பெற்றவர்களுக்கு நீண்டகாலப் பாஸ். வருடா வருடம் புதுப்பிக்கணும். அவளுக்கு இதுதான் பிடித்திருக்கிறது.
3. மலேசியாவின் ‘இரண்டாவது வீடு’ திட்டம். பெரிய டெபாசிட். நமக்கு இல்லை.
4. ஐம்பத்தைந்து தாண்டியவர்களுக்கு வளைகுடாவில் ஓய்வு விசா. அங்கே யார் இருக்கிறார்கள்.

பதில் போடவில்லை. ஒரே மகள், கூப்பிடுகிறாள், ஆனால் கடமைக்கோ என்று தோன்றுகிறது. அம்மா பேச்சை எடுத்தால் உடனே ஊமையாகிவிடுவாள். என் மனைவி மைமூன் மௌத்தான சமயம், அடக்கத்துக்குக்கூட நான் வரவில்லை என்று மனசில் வைத்திருக்கிறாள். என் பக்கத்து நியாயம் அவளுக்குத் தெரியும். கேட்கமாட்டாள்.

கொசுவத்தி. முட்டித் தைலம். கரன்ட் பில் 15-க்குள்.

அக்டோபர் 10, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். பாக்கெட் டைரிகள், இருபத்தாறு. மஸ்கட்டில் கடை அடைத்ததும் இரண்டு வரி எழுதாமல் படுத்ததில்லை. ஊருக்குப் புறப்பட்ட நாள், திரும்பிய நாள், எல்லாம் சிவப்பு மையில் மேலேயே இருக்கும். உள்ளே படிக்கத் தேவையில்லை, புரட்டினால் போதும்.

சாயங்காலம் அஸர் தொழுகை வரை உட்கார்ந்து கூட்டினேன். 721. மூன்று தடவை கூட்டினேன். 721 தான்.

எட்டு நாள் மிச்சம். சந்தோஷம். கீ. மேடத்துக்கு வாட்ஸப்பில் படம் எடுத்து அனுப்பினேன். மீன் குழம்பு நானே வைத்தேன், உப்புக் கூடிவிட்டது.

அக்டோபர் 13, திங்கள்

காலையிலேயே கீ. மேடம் போன். உங்கள் கணக்கும் பாஸ்போர்ட்டும் ஒத்துவரவில்லை, நேரில் வாருங்கள் என்றார்.

போனேன். என் கணக்கில் 721. முத்திரைகளின்படி 732. பதினொரு நாள் கூடுதல். 729-ஐ மூன்று நாள் தாண்டியதில் நான் அந்த நடுப் படியிலிருந்து விழுகிறேன்.

பழைய பாஸ்போர்ட், பதினேழாம் பக்கம். திருச்சி விமான நிலையம், வருகை, செப்டம்பர் 24. அதற்குக் கீழே சாய்ந்தாற்போல் இன்னொன்று, புறப்பாடு, அக்டோபர் 4. மைமூன் மௌத்தான வருடம்.

அந்தத் தேதியில் நான் இந்தியாவில் இல்லை என்றேன். நிதானமாகத்தான் சொன்னேன். என் மனைவி அதே செப்டம்பர் 22-ல் மௌத்து. எனக்குச் சேதி வந்தது அக்டோபர் 8. பதினாறு நாள் மறைத்துவிட்டுச் சொன்னார்கள். கடையில் நின்றுகொண்டிருந்தேன், பர்ஸானாதான் போனில் சொன்னாள். கல்லாப் பக்கத்தில் சீனி மூட்டை, அதில் உட்கார்ந்தது வரை ஞாபகம். முதலாளி அரபியிடம் லீவு கேட்டேன். “இப்போதுதானே போய் வந்தாய்” என்று கத்தினான். போய் வந்து எட்டு மாதமாகியிருந்தது. நான்கு மாதம் கழித்துத்தான் விட்டான்.

மேடம் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு பாஸ்போர்ட்டை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“முத்திரை இருக்கே பாய்.”

வேறு யாருடையதோ மாறி விழுந்திருக்கும் என்றேன். வருகை மாறி விழலாம், புறப்பாடுமா என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் டீ. தீபாவளிக் கூட்டம். பக்கத்தில் யாரோ போனில்: “இங்கதான் நிக்கிறேன், ஒனக்குத் தெரியலையா?”

அக்டோபர் 14, செவ்வாய்

அந்த வருட டைரியை எடுத்தேன். வெள்ளிக்கிழமை சிவப்பு மையை மட்டும்தான் தேடியிருக்கிறேன். இன்று உள்ளே படித்தேன். அப்படியே இங்கே, மை. என்பது மைமூன்:

செப். 24: கடை. நல்ல வெயில். மை.யிடம் பேசினேன்.
செப். 25: கடை. சரக்கு வரவில்லை. மை.யிடம் பேசினேன். தலைவலி என்றாள்.
செப். 27: வெயில். கடை. மை. நல்லா இருக்கிறாள்.
செப். 30: கடை. மை. நல்லா இருக்கிறாள்.
அக். 2: கடை. கடை. மை. நல்லா இருக்கிறாள்.

என் கையெழுத்து. சந்தேகமே இல்லை. ‘கடை’யில் கடைசி எழுத்தை நான் போடுகிற மாதிரி யாரும் போட மாட்டார்கள்.

22-ம் தேதி அடக்கம் செய்தாயிற்று. 25-ம் தேதி தலைவலி என்று எனக்குச் சொன்னது யார்?

மறைத்தவர்கள் அவள் பேசுகிற மாதிரி யாரையாவது பேச வைத்தார்களா? போனில் பர்ஸானா குரலும் அவள் அம்மா குரலும் ஒன்று போலத்தான். பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் அப்படிச் செய்யச் சொல்வார்களா? காலை முழுக்க இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பகலில் வெளிச்சத்தில் பார்த்தபோது இன்னொன்று. செப். 28, 29 பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தேன். நடுவில் காய்ந்த சேறு. ஒரு கட்டைவிரல் ரேகை முழுசாக. கறுப்பாக, மழமழவென்று, நம் வயல் களிமண். மஸ்கட்டில் அந்த மண் கிடையாது.

என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். மூடிவிட்டேன்.

கரன்ட் பில் கட்டவில்லை. நாளை.

அக்டோபர் 16, வியாழன்

மழை பிடித்துக்கொண்டது. காலை ஏழு மணியிலிருந்து ஒரே ஊற்று.

கலியமூர்த்தி வந்தார். வெட்டாற்றங்கரையில் என் ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குச் செய்பவர், இருபது வருடமாக. குறுவை நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடக்கிறதாம், ஈரம் என்று எடுக்க மாட்டேன் என்கிறார்களாம். தார்ப்பாய் இரவல் கேட்டு வந்தார். இருந்த இரண்டையும் கொடுத்தேன்.

போகத் திரும்பியவரிடம் சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். மைமூன் மௌத்தான சமயம் நான் இங்கே வந்திருந்தேனா என்று.

அவர் தார்ப்பாயைக் கீழே வைத்தார்.

“யாரு சொன்னா பாய்?”

நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் வாசல்படியிலேயே நின்று, என் முகத்தைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அப்போது சம்பா நடவு. மத்தியானம் நான் பேன்ட், ஷூவோடு வந்து சேற்றில் இறங்கி நடுவயலில் நின்றேனாம். நடவுப் பெண்கள் பயந்து கரையேறிவிட்டார்களாம். மறுநாளும் வந்தேனாம். அதற்கு மறுநாளும். பிறகு வரப்பில் உட்கார ஆரம்பித்தேனாம். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்து எழுதுவேனாம்.

“ஏதாவது பேசினேனா?”

“ஒரு நாளு பேசினீங்க. இது எந்த எடம்னு கேட்டீங்க. ஒங்க வயலு பாய்னேன். சிரிச்சீங்க. மஸ்கட்ல ஏது வயலுன்னீங்க.”

தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காலை டிபன் செய்யவில்லை. மத்தியானமும்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை விட்டு விட்டு. திருவாரூர் போனேன். ரஹ்மத்துல்லா கடைக்கு.

ரஹ்மத் மைமூனின் தம்பி. ஹார்டுவேர் கடை. பதினாறு நாள் மறைத்த கோபத்தில் ஏழு வருடமாக அவனோடு நான் சரியாகப் பேசியதில்லை. நிக்காஹ் வீடுகளில் பார்த்தால் ஸலாம், அதோடு சரி. அவன் கடைப்படியை இன்றுதான் மிதிக்கிறேன்.

பாஸ்போர்ட் பக்கத்தைக் காட்டினேன். பார்த்தான். கடையைப் பாதி சாத்தினான். பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் அட்டையைப் போட்டு என்னை உட்காரச் சொன்னான்.

“நீங்களா கேக்குற வரைக்கும் யாரும் சொல்லக் கூடாதுன்னு தஞ்சாவூர் டாக்டர் சொல்லியிருந்தார் மச்சான். நீங்க கேக்கவே இல்ல.”

அவன் சொன்னபடி: மைமூன் மூச்சு நின்ற ஒரு மணி நேரத்தில் அவனே எனக்குப் போன் செய்தான். நான் அழுதேன், டிக்கெட் போட்டேன். ஆனால் வந்துசேர்ந்தது 24-ம் தேதி சாயங்காலம். அடக்கம் முடிந்து இரண்டு நாள். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு, உள்ளே பார்த்து, மைமூனைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

வீடு முழுக்க சனம். ஒருத்தரும் அசையவில்லையாம்.

அடுத்த நாளிலிருந்து காலைத் தொழுகை முடிந்ததும் கைலியோடு கூடத்துக்கு வந்து, மைமூன் எங்கே என்று கேட்பேன். சொல்வார்கள். அப்போதுதான் கேள்விப்படுகிறவன் மாதிரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுவேன். மத்தியானம் லுஹர் தொழுகை நேரம் ஆனதும் எழுந்து, முகம் கழுவி, பேன்ட் ஷூ மாட்டி, கடைக்குப் போகிறேன் என்று நடந்துவிடுவேன். மறுநாள் காலை திரும்பவும் கேட்பேன்.

டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். அதிர்ச்சி, வற்புறுத்தாதீர்கள், பழகின இடத்துக்குப் போனால் தானாகத் தெளியலாம் என்றாராம். லீவு முடிந்தது, லீவு முடிந்தது என்று நானும் அரித்துக்கொண்டிருந்தேனாம். அக்டோபர் 4, மஸ்கட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த நம் ஊர்க்காரர் ஒருவரோடு ஏற்றிவிட்டார்கள். 8-ம் தேதி அங்கிருந்து நானே வீட்டுக்குப் போன் போட்டு மைமூனிடம் கொடு என்றேன். பர்ஸானா சொன்னாள். அந்தத் தடவை கேட்டது மனசில் நின்றுவிட்டது.

அப்படியானால் அரபி கத்தியது பொய்யில்லை. இப்போதுதானே போய் வந்தாய். ஏழு வருடம் அவனை மனசுக்குள் திட்டியிருக்கிறேன்.

ரஹ்மத்திடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். ஆணி வாங்க ஆள் வந்துவிட்டார். அவன் எழுந்து எடை போடப் போனான்.

அக்டோபர் 18, சனி

வெயில், நடுநடுவே தூறல்.

காலையில் எழுந்ததும் முதலில் போனில் தேதி பார்த்தேன். பிறகு பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. யாருமில்லை என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அதுவே நிம்மதி.

பால் வாங்கத் தெருவில் இறங்கினேன். எதிர்வீட்டு அஜ்மல், மளிகைக் கடைக்காரர், பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார். எல்லோரும் வழக்கம்போல் ஸலாம் சொன்னார்கள். வழக்கம்போல் கொஞ்சம் மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. நான் வயதானதால் அப்படிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருந்தேன்.

இவர்கள் எல்லோரும் அன்று கூடத்தில் இருந்தவர்கள். எத்தனை தடவை இவர்கள் நடுவில் உட்கார்ந்து, பெண்டாட்டி மௌத்துக்குக்கூட என்னை விடவில்லை, பதினாறு நாள் மறைத்தார்கள் என்று சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொள்வார்கள். ரஹ்மத்தும் அங்கே இருப்பான். ஒரு நாளும், ஒருத்தரும் என்னைத் திருத்தியதில்லை. ஒரு தெரு முழுக்க ஏழு வருடம்.

நான் நடந்த இடங்களில் எனக்கு முன்னாலேயே ஒருவன் நடந்துபோயிருக்கிறான். என் சட்டை, என் ஷூ, என் கையெழுத்து. அவனை ஊரே பார்த்திருக்கிறது, நான் மட்டும் பார்க்கவில்லை.

இப்போது எழுதுவதெல்லாம் நடந்ததுதானா? ரஹ்மத்திடம் இந்த நோட்டைக் காட்டிக் கேட்கலாமா என்று நினைத்தேன். சாயங்காலம் அவனுக்கே போன் செய்து, நேற்று நான் உன் கடைக்கு வந்தேனா என்றேன்.

“வந்தீங்க மச்சான்,” என்றான். வேறெதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 19, ஞாயிறு

ஊரெல்லாம் வெடி. பர்ஸானா கூப்பிட்டாள். நீண்டகாலப் பாஸுக்குத் தேவையான காகிதங்களை வாசித்தாள்: பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும், அவள் பிறப்புச் சான்றிதழ், நிக்காஹ் பதிவு, அம்மாவின் இறப்புச் சான்றிதழ். கடைசியைச் சொல்லும்போது குரல் எப்போதும்போல் தட்டையானது.

‘எல்லாப் பக்கமும்’ என்றபோது சொல்லிவிட நினைத்தேன். வயலில் தண்ணீர் நிற்கிறது என்று வேறு பேச்சுப் பேசினேன்.

இறப்புச் சான்றிதழ் பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில் இருந்தது. அதையும் நான் முழுசாகப் படித்ததில்லை. இறந்த தேதி, இடம். ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் பர்ஸானாவின் பெயர்.

அக்டோபர் 23, வியாழன்

தஞ்சாவூர். வழியெல்லாம் ரோட்டோரம் நெல், மேலே தார்ப்பாய். சில குவியலில் முளைவிட்டுப் பச்சையாகத் தெரிகிறது. கலியமூர்த்தியுடையதை நேற்று எடுத்துக்கொண்டார்களாம்.

கீ. மேடம் உண்மையை மறைக்காமல் சொன்னார். முத்திரை மங்கல். நான் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அவர் என் கையைப் பிடிக்க முடியாது. ஆனால் விமான நிலையக் கம்ப்யூட்டரில் இருக்கும், என்றாவது கேள்வி வரும். இருந்தேன் என்று எழுதினால் கடைப் பங்கு வருமானம் இந்த வருஷமே இங்கே கணக்கில் ஏறும்.

“வீட்ல விசாரிச்சீங்களா பாய்? அப்ப இங்க இருந்தீங்களா, இல்லையா?”

“இருந்தேன்.”

வேறென்ன சொல்வது. மேடமும் தோண்டவில்லை. படிவத்தை நீட்டினார். அந்த வருடத்துக்கு எதிரே பழைய எண்ணை அடித்து, பதினொன்றைக் கூட்டி எழுதினேன். மொத்தம் 732. கையெழுத்து.

சாதாரணமாகக் குடியிருப்பவன் ஆகிவிட்டேன்.

நீண்டகாலப் பாஸில் மலேசியா போனால் அடுத்த வருடம் அங்கே 182 நாள், அந்த நாட்டு வரி விதி, திரும்ப நாள் கணக்கு, இதையெல்லாம் விளக்கினார். தலையாட்டினேன். போவதா வேண்டாமா என்பதே முடிவாகவில்லை. பயம் நாள் கணக்கில் இல்லை. புது ஊர், புது அறை, விடிந்ததும் கண் விழித்து நான் என்ன கேட்பேனோ என்று.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. ஓடம்போக்கி ஆற்றில் தண்ணீர் படியைத் தொட்டுப் போகிறது என்றார்கள்.

ஜும்ஆவுக்குப் பிறகு மைமூனை அடக்கிய மையவாடிக்கு ரஹ்மத்தோடு. சேறு. இரண்டு பேரும் ஒரே குடையில். திரும்பும்போது அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், வழுக்கும் என்று.

வீட்டுக்கு வந்து பர்ஸானாவை நானே கூப்பிட்டேன். அவளுக்குச் சாயங்காலம். பின்னால் குக்கர் சத்தம். முத்திரையைச் சொன்னேன். மாமா சொன்னதைச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

நான் கேட்டேன்: “அங்க வந்து, ஒரு நாள் காலைல எந்திரிச்சு அம்மா எங்கன்னு கேட்டா என்ன பண்ணுவே?”

“சொல்லுவேன்.”

“மறுநாளும் கேட்டா?”

“மறுநாளும் சொல்லுவேன் அத்தா. எனக்குப் புதுசா?”

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். நான் இங்கே இருந்தது பத்துக் காலை. ஒவ்வொரு நாளும் மாமா, பெரியவர்கள் எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கூடத்தில் என் எதிரே உட்கார்ந்து, அவள்தான் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் சொன்னால் நான் அடிக்கப் போனேனாம். ஒன்பது தடவை. பிறகு மஸ்கட்டுக்குப் போனில், பத்தாவது தடவை.

பத்துக் காலையில் ஒன்பது என்றால் இன்னொரு நாள் என்ன என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தத் தடவை அந்த மௌனம் என்னவென்று தெரிந்தது.

“அன்னைக்கு நீங்க கேக்கல அத்தா. எனக்கு முன்னாடி எந்திரிச்சு உக்காந்திருந்தீங்க. அவ முகத்தைக்கூட நான் பாக்கலயேன்னு சொன்னீங்க. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அழுதோம். அப்புறம் எனக்குத் தலை சீவி விட்டீங்க, கோணல் மாணலா. மறுநாள் திரும்பக் கேட்டீங்க. ஆனா அந்த ஒரு நாள் நீங்க வந்திருந்தீங்க.”

அது என்ன தேதி என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்திருந்தது. அக்டோபர் 1. என் டைரியில் அந்தப் பக்கம் எழுதாமல் இருக்கிறது.

பாஸுக்கு எழுதிப் போடச் சொல்லிவிட்டேன். பாஸ்போர்ட் எல்லாப் பக்கமும் நாளை காலை ஸ்கேன் எடுத்து அனுப்ப வேண்டும்.